நான் வைத்த பெயர்

போன வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் விருந்து. நண்பரின் மகனுக்குப் பிறந்தநாள். பிரியாணி முடிந்து, கேக் முடிந்து, ஆண்கள் எல்லாரும் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட்ட நேரம். நர்ஸாக இருக்கும் ஒரு பெண்மணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். இந்தப் பத்தியை வாராவாரம் விடாமல் படிப்பவர்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்க்கா. நீங்க எழுதுறதுல யாருக்குமே பேரு இல்லையே, ஏன்? ஒரு நண்பர், ஒரு டிரைவர், மூணாவது மாடி அம்மா... பேரு போட்டா என்ன, காசா கேக்காங்க?"

சிரித்துச் சமாளித்தேன். ஞாபக மறதி என்றேன். வயதாகிவிட்டது என்றேன். அவரும் சிரித்தார். ஆனால் நம்பவில்லை.

காரில் திரும்பும்போது என் கணவர் சொன்னார் — மூன்று வருடம் ஆகிவிட்டதே, சொல்லிவிடேன் என்று. அவருக்குக் காரணம் தெரியும். அந்த ஒரு வாரம் வீட்டில் சமைத்தது அவர்தான்.

சரி, சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் உங்களைச் சிரிக்க வைக்க முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அபுதாபிக்கு நான் வந்தது கணவரின் விசாவில். பெண்ணைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டால் மதியம் வரை வீட்டில் நானும் ஏசியும்தான். எத்தனை நாளைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது? ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதி நேர வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது.

மானுடப் புலங்களுக்கான ஆய்வு மையம் அது. வரலாறு, மொழி, தத்துவம் என்று படித்தால் வேலை கிடைக்காத பாடங்கள் எல்லாம் ஒரே மாடியில் ஒன்றாகக் குடியிருந்தன. நானும் பி.ஏ. வரலாறுதான். ஆனால் என்னை எடுத்தது வரலாற்றுக்காக அல்ல, நிர்வாகத்துக்கு. வாரம் ஐந்து நாள், காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை.

என்ன நிர்வாகம் என்கிறீர்களா? வெளிநாட்டிலிருந்து வரும் பேராசிரியருக்கு விசா. அவர் தங்க ஹோட்டல். அவர் பேசக் கருத்தரங்க அறை. அவர் பேச்சைக் கேட்க வருகிற பதினோரு பேருக்குச் சமோசா. பிரின்டருக்கு டோனர். கமிட்டி கூடினால் ஒரு மூலையில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுவது. பெரிய விஷயங்களைப் பற்றிப் பெரியவர்கள் யோசிக்கும் இடத்தில், கதவைத் திறந்து வைக்கிற வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

நான் சேர்ந்த மூன்றாவது வருடம் கனடாவிலிருந்து ஒரு பேராசிரியை வந்து சேர்ந்தார். நல்ல மனுஷி. இங்கே வேலை செய்யும் தொழிலாளர்களின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவருடைய திட்டம். கட்டடங்களின் படம் எல்லாரிடமும் இருக்கிறது, கட்டியவர்களின் குரல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். கேட்ட விதத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையான முசஃபாவில் இருக்கும் தமிழ்த் தொழிலாளர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்று முடிவானது. அவருக்குத் தமிழ் தெரியாது. மையத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் யார்? கதவைத் திறந்து வைக்கிறவள்.

ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நானும் அவரும் முசஃபாவுக்குப் போனோம். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புக்குள் போக அனுமதி வாங்குவது லேசில்லை. அதனால் பக்கத்தில் ஒரு தமிழ் ரெஸ்டாரன்டில் திரை போட்ட ஃபேமிலி ரூம் ஒன்றைப் பிடித்துக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒருவர். மேஜையில் பரோட்டா, டீ, நடுவில் ரெக்கார்டர். நான் கேள்வியைத் தமிழில் கேட்பேன், பதிலை ஆங்கிலத்தில் சொல்வேன். ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு சம்மதப் படிவம். அதைத் தமிழில் எழுதியதும் நான்தான். 'உங்கள் பெயர் எங்கும் வெளியிடப்படாது' என்பது அதில் மூன்றாவது வரி.

இப்படிப் பதினான்கு பேர் பேசினார்கள். அவர்களில் ஒருவர் வெல்டர். ராமநாதபுரம் மாவட்டம். நாற்பதைத் தாண்டியவர், கையில் சின்னச் சின்னத் தீக்காயத் தழும்புகள். முதல் அரை மணி நேரம் டீயைப் பற்றியே பேசினார். அப்புறம் அவராகவே ஒரு விஷயத்துக்கு வந்தார். கோடையில் மத்தியான வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அரசாங்கத்தின் சட்டம் இருக்கிறது இல்லையா? இரும்பு கேட் செய்யும் அவருடைய கம்பெனியில் அதற்கென்று ஒரு ரெஜிஸ்டர் உண்டு. பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை ஓய்வெடுத்தேன் என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தைக் காலையிலேயே வாங்கிவிடுவார்கள். மத்தியானம் தகர ஷெட்டுக்குள் வெல்டிங் ஓடிக்கொண்டிருக்கும்.

"நாங்க தூங்குனதா எழுதியிருக்கும் மேடம். தூங்குன நேரத்துலதான் ஒரு கேட் ஃபுல்லா செஞ்சு முடிச்சோம்."

சொல்லிவிட்டுத் திரைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பெயர் வராதில்லையா என்று கேட்டார். வராது என்றேன். அவருடைய பெண் பத்தாம் வகுப்பு என்பதை அதற்கு முன்னால்தான் சொல்லியிருந்தார்.

அவர் பெயர் வரவில்லை. அந்த வாக்கை நாங்கள் காப்பாற்றினோம்.

பேட்டிகளைப் புத்தகமாகப் போடும்போது எல்லாருக்கும் மாற்றுப் பெயர் வைப்பது வழக்கம். பேராசிரியை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பட்டியலை என் மேஜையில் வைத்தார். உனக்குத்தான் உங்கள் ஊர்ப் பெயர்கள் தெரியும், பொருத்தமாகப் பதினான்கு பெயர் எழுதிக் கொடு என்றார்.

அன்றைக்கு டோனர் தீர்ந்திருந்தது. ஒரு விருந்தாளிப் பேராசிரியரின் ஹோட்டல் அறையில் ஜன்னல் இல்லை என்று புகார். நடுவில் பத்து நிமிடம் கிடைத்தது. எழுதினேன். உண்மையைச் சொன்னால் ரசித்து எழுதினேன். அந்தந்த மாவட்டத்துக்கு, அந்தந்த மதத்துக்கு, அந்தந்த வயதுக்குப் பொருந்த வேண்டுமே! ராமநாதபுரத்து ஆளுக்குக் கோயம்புத்தூர்ப் பெயர் வைத்துவிட்டால் படிக்கிற தமிழர்கள் சிரிக்க மாட்டார்களா? வெல்டருக்கு அவருடைய பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் ஒரு பெயரை வைத்தேன். பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேராசிரியை, எத்தனை அசலாக இருக்கிறது என்று பாராட்டினார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை.

அந்தப் பெயர் என்ன என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

புத்தகம் சின்னதுதான், எழுபது பக்கம். இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில், பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன என்று ஒரு வரி. கம்பெனிகளின் பெயர் எதுவும் கிடையாது. வெளியீட்டு நாளில் வழக்கத்தை விட நிறையப் பேர் வந்தார்கள். சமோசா பத்தவில்லை. ஒரு ஆங்கிலப் பத்திரிகைக்காரரும் வந்திருந்தார். இரண்டு நாள் கழித்து அவருடைய பத்திரிகையில் அரைப் பத்திச் செய்தி. அதில் அவர் எடுத்துப் போட்டது எதை? ரெஜிஸ்டர் விஷயத்தை. சொன்னவர் முசஃபாவில் ஒரு கேட் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் ராமநாதபுரத்துக்காரர் என்று எழுதி, நான் வைத்த பெயரையும் போட்டிருந்தார். 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்ற வரியைப் போடவில்லை. இடம் இருந்திருக்காது.

அந்தச் செய்தியை வெட்டி வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். என் புத்தி அவ்வளவுதான்.

நாலாவது நாள் காலை பத்து மணிக்கு என் மொபைலுக்கு ஒரு அழைப்பு. படிவத்தில் தொடர்புக்கு என்று என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். பேசியது வெல்டர். டீ பிரேக்கில் பேசுகிறேன், சீக்கிரம் வைத்துவிடுவேன் என்றார். குரல் சரியில்லை.

அவருடைய ஒர்க்‌ஷாப்பில், அவருடைய ரூமிலேயே, ஒரு ஃபிட்டர் இருக்கிறார். அதே மாவட்டம். வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கல்ஃப் வர அது அவருடைய மூன்றாவது முயற்சி. முதல் இரண்டும் ஏஜென்ட் ஏமாற்றியதில் பம்பாயோடு நின்றுபோயின. அவருடைய பெயர்...

அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் வைத்த அதே பெயர்.

பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு ஃபிட்டரை ஆபீஸுக்குக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். நான் யாரிடமும் எதுவும் பேசவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். யார் நம்புவார்கள்? பெயர் அச்சில் இருக்கிறது, மாவட்டம் இருக்கிறது, ஒர்க்‌ஷாப் இருக்கிறது. விசா கேன்சல். வியாழக்கிழமை மத்தியானம் ஃப்ளைட். கூடவே தடையும் போடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். அதாவது இனி இந்த நாட்டுக்குள் வருவது நடக்காத காரியம். அழைப்பு வந்தது திங்கட்கிழமை.

"நான் போயி நாந்தான்னு சொல்லிரட்டுமா மேடம்?" என்று கேட்டார் வெல்டர்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவசரப்படாதீர்கள், ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆபீஸில் வேலை பார்க்கிறவள் வாயில் வேறு என்ன வரும்?

பேராசிரியையிடம் ஓடினேன். கேட்டதும் டீ போடும் பேன்ட்ரிக்குள் போய் அழுதுவிட்டு வந்தார். உடனே கம்பெனிக்குக் கடிதம் எழுதுவோம், அந்த மனிதர் எங்களிடம் பேசவில்லை என்று சொல்வோம் என்றார். ஆனால் கடிதம் போக வேண்டுமானால் டைரக்டர் சொல்ல வேண்டும், டைரக்டர் சொல்ல வேண்டுமானால் நெறிமுறைக் கமிட்டி கூட வேண்டும். அவசரக் கூட்டம் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு. அறையை புக் பண்ணியது நான். மினிட்ஸ் எழுதியதும் நான்.

ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். யாருமே கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். டைரக்டர் சொன்ன நியாயம் இதுதான். பேசியவர்கள் யார் என்று கேட்டால் ஆம் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. இன்று ஒருவரை இவர் இல்லை என்று சொன்னால், நாளை அடுத்தவரைக் காட்டி இவரா என்று கேட்பார்கள். ராமநாதபுரத்து ஆட்கள் அந்த ஒர்க்‌ஷாப்பில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? நாலு பேரைக் கழித்தால் ஐந்தாவது ஆள் தானாக வெளியே வந்துவிடுவார். பதினான்கு பேருக்கும் கொடுத்த வாக்கு உடைந்துவிடும்.

அந்த நியாயத்தை மறுத்துப் பேச எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. பேராசிரியை ஒருவர்தான் கடைசி வரை போராடினார். நான் எழுதிய மினிட்ஸின் கடைசி வரி — 'மையம் எந்தத் தகவலையும் உறுதிப்படுத்தாது, மறுக்காது. நடவடிக்கை தேவையில்லை.' எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்து எல்லாருக்கும் அனுப்பி வைத்தேன்.

மறுநாள் ஒரு மணிக்கு டூட்டி முடிந்ததும் டாக்ஸி பிடித்து முசஃபாவுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. கைப்பையில் அந்தப் புத்தகம். என் திட்டம் ரொம்ப எளிமையானது. இரண்டாம் பக்கத்தைக் காட்டுவேன். இவை நிஜப் பெயர்கள் இல்லை என்று அச்சிலேயே இருக்கிறதே? அதைக் காட்டுவது உறுதிப்படுத்துவதும் இல்லை, மறுப்பதும் இல்லை. எப்படி என் மூளை!

கேம்ப்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸ் என்னை மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். பெப்ஸி வரவழைத்துக் கொடுத்தார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவரும் மேலே யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. இரண்டாம் பக்கத்தைத் திறந்து வைத்து, இந்தப் பெயர்களையெல்லாம் வைத்தது நான்தான், கற்பனையாக வைத்தேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் அந்த வரியை விரலை ஓட்டிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு நிமிர்ந்து, ரொம்ப இயல்பாகக் கேட்டார்.

"அச்சா. அப்போ நிஜப் பேர் என்ன மேடம்?"

இந்தக் கேள்வி வரும் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

நீங்கள்தானே பெயரை மாற்றியதாகச் சொன்னீர்கள், மாற்றியவருக்கு அசல் தெரியாமல் இருக்குமா என்றார். மேஜை மேல் இருந்த போனில் கையை வைத்துக்கொண்டார். "நீங்க பேரச் சொல்லுங்க. இவன் டிக்கெட்ட நான் இப்பவே கேன்சல் பண்றேன். கலாஸ், முடிஞ்சுது."

இந்தியில்தான் சொன்னார், ஆனால் எனக்குள் அது தமிழில்தான் பதிந்திருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் வெளிச்சம் நீலமாக வெட்டி வெட்டி மின்னியது. அது யாருடைய கை என்று எனக்குத் தெரியாது. ஆனால் அசல் பெயர் என் நாக்கில் இருந்தது. சொன்னால் ஒருவர் தப்பிப்பார், இன்னொருவர் போவார். பேசியவர் போவதுதானே நியாயம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான், ஆனால் தோன்றியது. பத்தாம் வகுப்புப் பெண் ஞாபகம் வந்தது. தெரியாது என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். கோபமாக இல்லை. போனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஃபிட்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அதற்குத் தடை சொல்லவில்லை. டூட்டியை நிறுத்திவிட்டதால் அவர் ரூமில்தான் இருந்தார். வாட்டர் கூலர் பக்கத்து நிழலுக்கு வந்து நின்றார். முப்பது, முப்பத்திரண்டு வயது. சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், யாரோ பெரிய இடத்துப் பெண் வந்திருக்கிறாள் என்று.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பெயர் வைத்தது நான் என்றேன். அந்தப் பெயரை நான் சும்மா வைத்தேன், ஒரு காரணமும் இல்லை என்றேன். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் சொன்னார்: "அது நீங்க வச்ச பேரு இல்ல மேடம். எங்க வீட்ல எனக்கு வச்ச பேரு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புத்தகத்தில் என்னதான் போட்டிருக்கிறது என்று கேட்டார். அந்தப் பாராவை வரிக்கு வரி தமிழில் சொன்னேன். காலையிலேயே கையெழுத்து, தகர ஷெட், கேட். கவனமாகக் கேட்டுக்கொண்டார். உள்ளதைத்தானே சொல்லியிருக்கிறது என்றார், அவ்வளவுதான். யார் சொன்னது என்று என்னிடம் கேட்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவும் இல்லை.

பிறகு ஒன்று கேட்டார்.

"ஊர்ல போயி என்ன சொல்றது மேடம்? எட்டு மாசத்துல திரும்பி வந்தா, குடிச்சுப்புட்டு சண்ட போட்டான், களவாண்டான்னுதான் பேசுவாக. எம்பொண்டாட்டி நம்பிரும். அவ அண்ணந்தம்பிக நம்ப மாட்டாக. நீங்க பெரிய காலேஜ்ல இருக்கீக. நான் ஒரு தப்பும் பண்ணலன்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க. தமிழ்ல."

விசாவைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்கவில்லை. ஒரு பேப்பர். மூன்று வருடமாகப் பேப்பர் தயாரிப்பதுதான் என் வேலை.

டைரக்டரின் அனுமதியில்லாமல் யாரும் லெட்டர்ஹெட்டைத் தொடக் கூடாது என்று எல்லாருக்கும் மெயில் அனுப்பியவளே நான்தான். வியாழக்கிழமை காலை ஏழரைக்கே ஆபீஸுக்குப் போய் அலமாரியைத் திறந்து ஒரு லெட்டர்ஹெட் எடுத்தேன். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. சம்மதப் படிவத்தைப் போல இதையும் கையால்தான் எழுதினேன். இன்னார், இன்ன ஊர், இன்னாரின் மகன். இவர் எங்கள் ஆய்வில் பங்கெடுக்கவில்லை. யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் நடந்த தவறினால் இவருடைய வேலை போயிருக்கிறது. தவறு செய்தவள் நான். கீழே என் கையெழுத்து, முழுப் பெயர், மையத்தின் வட்ட முத்திரை. நம் ஊரில் கையெழுத்தை விட முத்திரைக்குத்தான் மதிப்பு என்பதால் இரண்டு தடவை குத்தினேன்.

உறுதிப்படுத்தாது, மறுக்காது என்று மினிட்ஸ் எழுதிய அதே கைதான்.

அந்தப் பெயரை நான் எழுதியது அது இரண்டாவது தடவை. முதல் தடவை ஒரு வினாடி ஆகியிருக்கும். இந்தத் தடவை பேனா நகரவே இல்லை.

ஒன்பது மணிக்கு கேம்ப் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏர்போர்ட் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார். ஒரு பெட்டி, கயிறு கட்டிய ஒரு போர்வை மூட்டை. கடிதத்தை நின்ற இடத்திலேயே படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். நல்லா எழுதியிருக்கீக என்றார். வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டார்.

வெல்டர் அங்கே இல்லை. டூட்டியில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை சாயங்காலமே அவருக்குப் போன் செய்து ஆபீஸும் கைவிரித்துவிட்டது, கேம்ப்பிலும் முடியவில்லை என்று சொல்லியிருந்தேன். அத்தோடு போனை வைத்துவிட்டார். திங்கட்கிழமை, நான் போய்ச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டவர் வியாழக்கிழமை வரை சொல்லவில்லையே... மனதுக்குள் அவரைக் கொஞ்சம் குறைவாகத்தான் நினைத்தேன். அவசரப்படாதே என்று தடுத்தவள், அவர் அவசரப்படவில்லை என்று குறை சொன்னேன். இந்த லட்சணத்தில் நான் வாராவாரம் ஊருக்கு உபதேசம் எழுதுகிறேன்!

அடுத்த வேலை வாரம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை டைரக்டரிடம் போய்க் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ சொன்னது என் காதில் விழவில்லை என்றார். அதற்குப் பிறகு மையத்தில் மாற்றுப் பெயர்களே கிடையாது, எல்லாரும் எண்கள்தான் என்று விதி மாறியது. ஜூனில் என் கான்ட்ராக்ட் முடிந்தது. அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து வெல்டர் போன் செய்தார். லீவில் ஊருக்குப் போகிறாராம், போவதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டுமாம். அவ்வளவு நாளும் சொல்ல வாய் வரவில்லை என்றார்.

திங்கட்கிழமை ராத்திரியே அவர் ஃபிட்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, காலையில் ஆபீஸுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறார். ஃபிட்டர் விடவில்லை. கம்பெனியின் கோபம் இன்னும் ஆறவில்லை, நீங்கள் போய்ச் சொன்னால் இரண்டு பேருக்கும்தான் டிக்கெட், என்னை வைத்துக்கொள்வார்கள் என்று என்ன நிச்சயம் என்று கேட்டிருக்கிறார். உங்கள் பெண்ணுக்குப் பரீட்சை வருகிறதே அண்ணே, பேசாமல் டூட்டிக்குப் போங்கள் என்றிருக்கிறார்.

"அதோட முடியல மேடம்," என்றார் வெல்டர். "அந்த மூணு நாள்ல நாலு வாட்டி அவன ஆபீஸுக்குக் கூப்பிட்டாக. நீ இல்லன்னா வேற யாருன்னு சொல்லு, உன்ன விட்டுர்றோம்னு கேட்டாக. தெரியாதுன்டான். நாலு வாட்டியும் தெரியாதுன்டான்."

கேம்ப் பாஸ் மேஜைப் போனில் கையை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாரே, அதே கேள்விதான். நான் நின்றது ஒரு தடவை. இங்கே வீடு இருந்தது, கணவர் இருந்தார், திரும்பிப் போக டாக்ஸி வெளியே காத்திருந்தது. வாட்டர் கூலர் நிழலில் புத்தகத்தை வாசித்துக் காட்டியபோது அவர் ஏன் யாரென்று கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. போனை வைத்துவிட்டு அழுதேன்.

ரகசியம் காப்பதற்கு எனக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். அவர் அதற்குத் தன் வேலையைக் கொடுத்துவிட்டுப் போனார்.